ஷூலெஸ் ஜோ ஜாக்சன்: 1919-க்கு வெளியே இருக்கும் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசுவோம்

செங்காந்தள் எழுதியது:

அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஜோ ஜாக்சன் என்ற பெயரை எடுத்தாலே 1919-ஆம் ஆண்டின் வேர்ல்ட் சீரிஸ் (ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்) சூதாட்டம்தான் முதலில் வந்து நிற்கிறது. அதைப் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த இழையிலும் அது வரத்தான் போகிறது. ஆனால் 1908 முதல் 1920 வரை பதின்மூன்று பருவங்கள் பெரிய லீக்கில் ஆடிய ஒருவரை எட்டு ஆட்டங்களுக்குள் அடைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அவருடைய ஆட்ட வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். பிறகு நண்பர்கள் தங்கள் கருத்தை எழுதட்டும்.

ஜாக்சன் 1887-இல் தென் கரோலினாவின் பிக்கன்ஸ் கவுண்டியில் பிறந்தார். குடும்பம் பிழைப்புத் தேடி கிரீன்வில் நகரத்தின் மேற்குப் பகுதியில் இருந்த பிராண்டன் மில் என்ற பஞ்சாலைக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தது. ஆறேழு வயதிலேயே அவரும் ஆலை வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாததால் எழுதவும் படிக்கவும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. ஆலை நிர்வாகங்கள் தங்கள் பெயரில் பேஸ்பால் அணிகளை வைத்திருந்த காலம் அது. பதின்மூன்று வயதிலேயே பெரியவர்களோடு ஆலை அணியில் ஆடிய சிறுவனுக்கு சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுக்கு இரண்டரை டாலர் கொடுத்தார்கள்.

1908-இல் கிரீன்வில் ஸ்பின்னர்ஸ் என்ற சிறிய லீக் அணியில் சேர்ந்தார். புதிதாக வாங்கிய காலணி கடித்துக் கொப்புளம் போட்டதால், ஆண்டர்சன் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் காலுறையோடு இறங்கி ஆடினார். பார்வையாளர் ஒருவர் போட்ட கூச்சல் அப்படியே ‘ஷூலெஸ்’, அதாவது காலணியில்லாதவர், என்ற பட்டப்பெயராகிவிட்டது. ஒரே ஒரு நாள் நடந்த சங்கதி அது. ஆனால் வெறுங்காலோடு ஆடும் நாட்டுப்புறத்தான் என்ற உருவம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவும் இல்லை. அதே ஆண்டு கேட்டி வின் என்ற பெண்ணை மணந்தார். கணவருக்கு வந்த கடிதங்களைப் படித்தவரும், பதில் எழுதியவரும், பணத்தைக் கவனித்தவரும் அவர்தான்.

அந்த ஆண்டின் இறுதியில் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியின் மேலாளர் கானி மேக் அவரைத் தன் அணிக்கு வாங்கினார். பெருநகரம் ஜாக்சனுக்கு ஒத்துவரவில்லை. ஊருக்குத் திரும்பி ஓடினார், ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள், மறுபடியும் போனார். சக ஆட்டக்காரர்கள் அவருடைய பேச்சையும் படிப்பின்மையையும் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். 1908-இல் ஐந்து ஆட்டம், 1909-இல் ஐந்து ஆட்டம், மொத்தமே ஆறு ஹிட்கள் என்பதுதான் பிலடெல்பியாவில் அவருடைய கணக்கு. அதே காலத்தில் தெற்கே அவர் அடித்த அடி வேறு: 1909-இல் சவானாவில் 0.358, 1910-இல் நியூ ஆர்லியன்ஸில் 0.354. இரண்டு லீக்குகளிலும் அவரே முதலிடம். 1910 நடுவில் மேக் அவரை கிளீவ்லாந்துக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு பிரிஸ் லார்டு என்ற அவுட்ஃபீல்டரை (மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்தைத் தடுப்பவர்) வாங்கிக்கொண்டார். இரண்டு உலகச் சாம்பியன் பட்டங்களை அடுத்தடுத்து வென்ற மேக்குக்கு அன்றைக்கு அது நஷ்டமாகத் தெரிந்திருக்காது. கிளீவ்லாந்து வந்ததும் ஜாக்சன் இருபது ஆட்டங்களில் 0.387 அடித்தார். அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் நாம் முக்கியமாகப் பேச வேண்டும்.

புதிய வாசகர் எழுதியது:

நல்ல தொடக்கம், நன்றி. எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். 0.358 என்றால் என்ன, அது பெரிய எண்ணா சிறிய எண்ணா என்று யாராவது விளக்கினால் இந்த இழையைத் தொடர்ந்து படிக்க வசதியாக இருக்கும்.

எண்ணாளன் எழுதியது:

புதிய வாசகர் அவர்களுக்கு: மட்டையாளர் கணக்கில் சேரும்படி எத்தனை முறை ஆடினார், அதில் எத்தனை முறை பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளத்தை அடைந்தார் என்பதே பேட்டிங் சராசரி. ஆயிரம் முறைக்கு 300 ஹிட் என்றால் 0.300. அந்த எல்லையைத் தொடுகிறவரே நல்ல மட்டையாளர். பிட்சரை (பந்தை எறிபவர்) எதிர்த்துப் பத்து முறை ஆடி ஏழு முறை ஹிட் இல்லாமல் திரும்பும் ஒருவரைக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டி வரவேற்கும் விளையாட்டு இது. அப்படியிருக்க, 1911-இல் ஜாக்சன் அடித்தது 0.408. ஹிட்கள் மட்டும் 233; அவற்றில் 45 டபுள் (இரண்டாம் தளம்வரை ஓடவைக்கும் அடி), 19 டிரிபிள் (மூன்றாம் தளம்வரை). 41 தளங்களைத் திருடினார், அதாவது யாரும் அடிக்காமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்தார்.

அது அவருடைய முதல் முழுப் பருவம். 1908 முதல் 1910 வரை அவர் மட்டை பிடித்த கணக்கு 115 முறைதான். இன்றைய விதிப்படி 130-க்குள் இருப்பவர் புதுமுகம். அந்த வகையில் 0.408 என்பது புதுமுக ஆட்டக்காரர் ஒருவரின் சாதனையாக இன்றுவரை நிற்கிறது.

ஆனாலும் அந்த ஆண்டு லீக்கில் மிக உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. டெட்ராய்ட் அணியின் டை காப் 0.420 அடித்துவிட்டார். 1912-இல் ஜாக்சன் 0.395, காப் 0.409, இருவருக்கும் ஹிட் எண்ணிக்கை 226 என்று சமமாகவே இருந்தது. 1913-இல் ஜாக்சன் 0.373, காப் 0.390, அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக ஹிட் அடித்தவர் 197 அடித்த ஜாக்சன். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இப்படி அடித்துவிட்டு ஒரு பட்டம்கூட வாங்காதவர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை. கடைசிவரை ஒரு பேட்டிங் பட்டமும் அவருக்குக் கிட்டவில்லை.

1911-இன் இறுதிக் கட்டத்தில் தான் ஜாக்சனிடம் வேண்டுமென்றே முகங்கொடுத்துப் பேசாமல் இருந்து, அவர் மனத்தைக் குலைத்துப் பட்டத்தைப் பறித்ததாக டை காப் முதுமையில் ஒரு கதை சொன்னார். பலரும் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். பருவத்தை 0.408-இல் முடித்தவர் மனம் குலைந்து போனார் என்பதை எந்தக் கணக்கைக் கொண்டு ஏற்பது?

நூற்கண்டு எழுதியது:

எண்களைப் பற்றி எண்ணாளன் அழகாகச் சொல்லிவிட்டார். அந்த எண்கள் எப்படி வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜாக்சனின் சிறப்பே அவருடைய மட்டை வீச்சில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1920-க்கு முந்தைய காலத்தை ‘செத்த பந்துக் காலம்’ என்பார்கள். ஆட்டம் முழுக்க ஒரே பந்தையே வைத்து ஓட்டுவார்கள். அது மண்ணும் எச்சிலும் புகையிலைச் சாறும் பட்டுக் கறுத்து, அடிபட்டு அடிபட்டு மெத்தென்று ஆகிவிடும். எச்சில் தடவி எறிவதும் விதிக்கு உட்பட்டதாகவே இருந்தது. அப்படிப்பட்ட பந்தை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வேலியைத் தாண்டாது என்பதால், மட்டையாளர்கள் மட்டையின் பிடியில் கையைச் சற்று மேலேற்றிப் பிடித்து, பந்தை ஆளில்லாத இடம் பார்த்துத் தட்டிவிட்டு ஓடுவார்கள். டை காப் இரண்டு கைகளுக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் பிடிப்பவர். அந்த முறையின் உச்சம் அவர்தான்.

ஜாக்சன் அதற்கு நேர்மாறு. இடது கை மட்டையாளர். கால்கள் இரண்டையும் நெருக்கமாக வைத்து நிற்பார். கைகள் மட்டையின் அடிமுனையில் இருக்கும். பந்து வரும்போது முன்காலை நீட்டி வைத்து, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் இறக்கி, தடையில்லாமல் ஒரே வீச்சாக வீசுவார். அவர் அடித்த பந்து எழுப்பும் ஓசையே தனி என்று அவரோடு ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கிரீன்வில்லில் சார்லி ஃபெர்குசன் என்ற தச்சர் செய்து கொடுத்த கறுப்பு மட்டையைத்தான் அவர் பெரிதும் நம்பினார். ‘பிளாக் பெட்ஸி’ என்பது அதன் பெயர். சுமார் 48 அவுன்ஸ், அதாவது ஒன்றேகால் கிலோவுக்கும் மேல் எடை என்பார்கள். இன்றைய ஆட்டக்காரர்கள் தூக்குவதைப் போல ஒன்றரை மடங்கு. சிறு வயதிலிருந்து ஆலையில் உழைத்து உரமேறிய தோள்கள் அதைச் சுழற்றின.

அவ்வளவு வீசியும் பந்தைத் தவறவிடுவது அரிது என்பதுதான் வியப்பு. 1919-இல் 516 முறை மட்டை பிடித்து பத்தே முறைதான் ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக் வாங்கி, பந்தை அடிக்காமலேயே அவுட்) ஆனார். 1920-இல் 570 முறைக்கு 14. இன்றைக்கு ஓங்கி அடிப்பவர்கள் இரண்டு வாரத்தில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடுகிறார்கள்.

இந்த வீச்சைப் பார்த்துத்தான் தன் வீச்சை அமைத்துக்கொண்டதாக, ஹோம் ரன்களால் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) புகழ்பெற்ற பேப் ரூத்தே சொன்னார். ஹோம் ரன் யுகம் ரூத்தோடு தொடங்குவதாக எழுதுகிறவர்கள், அந்த வீச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு வரி எழுதினால் ஜாக்சனுக்குரிய இடம் தானாகவே விளங்கும்.

மூன்றாம் தளம் எழுதியது:

ஜாக்சனின் மட்டைத் திறமையை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் செங்காந்தள் அவர்கள் கேட்டுக்கொண்டபடி முழு ஆட்ட வாழ்க்கையையும் பார்ப்பதென்றால் 1915-க்குப் பிந்தையவற்றையும் பார்த்தாக வேண்டும். பாதிக் கதையோடு நிறுத்திவிடக் கூடாது.

1915 ஆகஸ்டில் கிளீவ்லாந்து உரிமையாளர் சார்லஸ் சோமர்ஸ் கடனில் மூழ்கியதால் ஜாக்சனை சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு விற்றார். மூன்று ஆட்டக்காரர்களும் 31,500 டாலரும் கைமாறின. 1916-இல் 0.341 அடித்து, 21 டிரிபிள்களோடு லீக்கில் முதலிடம் பெற்றார். 1917-இல் 0.301-தான், ஆனால் அணி வேர்ல்ட் சீரிஸை வென்றது. 1918-இல் போர் காரணமாக ‘வேலை செய் அல்லது போரிடு’ என்ற அரசாணை வந்தபோது, அவர் 17 ஆட்டங்களோடு அணியை விட்டு டெலவேர் மாநிலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பத்திரிகைகள் அவரைக் கோழை என்று எழுதின. அந்த ஏச்சு நியாயமற்றது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். திருமணமானவர், தாய்க்கு உதவ வேண்டியவர், சட்டம் அனுமதித்த வேலையைத்தான் செய்தார்.

இனி 1919. சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் ஒயிட் சாக்ஸ் 5-3 என்று தோற்றது. ஒன்பது ஆட்டத் தொடர் அது. தோற்பதற்காகச் சூதாடிகளிடம் பணம் வாங்கிய கூட்டத்தில் ஜாக்சனும் இருந்தார். இதைச் சொல்வது நானல்ல, அவரே. 1920 செப்டம்பர் 28 அன்று சிகாகோவில் பெருநடுவர் குழுவின் (வழக்குத் தொடரலாமா என்று ஆராயும் குழு) முன் சத்தியம் செய்து, இருபதாயிரம் டாலர் தருவதாகச் சொன்னார்கள், அதில் ஐயாயிரம் கைக்கு வந்தது, நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு பிட்சர் லெஃப்டி வில்லியம்ஸ் கொண்டுவந்து கொடுத்தார் என்று சொன்னார். 1919-இல் அவருடைய ஆண்டுச் சம்பளம் ஆறாயிரம். கிட்டத்தட்ட ஓராண்டுச் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டவரை அப்பாவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செங்காந்தள் எழுதியது:

நண்பர் மூன்றாம் தளம் சொன்ன உண்மைகளில் எனக்கு மறுப்பு இல்லை. அதே சாட்சியத்தில் ஜாக்சன் இன்னொன்றும் சொன்னார் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெல்வதற்காகவே மட்டை பிடித்தேன், வெல்வதற்காகவே ஃபீல்டிங் செய்தேன் என்றார். தோற்பதற்காக எதையாவது செய்தீர்களா என்று கேட்டபோது இல்லை என்றார். பணம் வாங்கியதை ஒத்துக்கொண்ட அதே வாய்தான் இதையும் சொல்லிற்று. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவது எப்படி?

ஆட்டக் கணக்கும் அவர் பக்கம்தான் பேசுகிறது. தொடரில் 12 ஹிட், அன்றைக்கு அது வேர்ல்ட் சீரிஸ் சாதனை. சராசரி 0.375. தொடரில் அடிக்கப்பட்ட ஒரே ஹோம் ரன் அவருடையது. ஃபீல்டிங்கில் ஒரு பிழைகூட இல்லை.

எண்ணாளன் எழுதியது:

0.375 என்ற எண்ணை எல்லோரும் மொத்தமாகவே சொல்கிறார்கள். ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் சங்கடம் வரும்.

முதல் ஆட்டத்தில் ஜாக்சன் நான்கு முறை ஆடி ஒரு ஹிட்டும் இல்லை. இரண்டாவதில் நான்குக்கு மூன்று. மூன்றாவதில் மூன்றுக்கு இரண்டு. அந்த ஆட்டத்தை டிக்கி கெர் என்ற நேர்மையான பிட்சர் வென்று கொடுத்தார். நான்காவதில் நான்குக்கு ஒன்று. ஐந்தாவதில் நான்குக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று ரெட்ஸ் பிட்சர் ஹாட் எல்லர் அடுத்தடுத்து ஆறு பேரை ஸ்டிரைக்-அவுட் செய்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆறாவது, ஏழாவது ஆட்டங்களில் நான்குக்கு இரண்டு வீதம், இரண்டையும் ஒயிட் சாக்ஸ் வென்றது. எட்டாவதில் ஐந்துக்கு இரண்டு.

இப்போது, அவர் அடித்து ஓட்டம் சேர்த்ததைப் பாருங்கள். தொடர் முழுவதும் ஆறு. ஆறாவது ஆட்டத்தில் ஒன்று, ஏழாவதில் இரண்டு, எட்டாவதில் மூன்று. முதல் ஐந்து ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. எட்டாவது ஆட்டத்தில் வந்த மூன்றும் தோல்வி உறுதியான பிறகு வந்தவை: ஹோம் ரன் அடித்தபோது அணி 5-0 என்று பின்தங்கியிருந்தது, இரண்டு ஓட்டம் சேர்த்த டபுள் வந்தபோது 10-1.

குற்றம் சாட்டுபவர் இதைப் பிடித்துக்கொள்வார். ஆனால் தோற்க நினைப்பவர் இரண்டாவது ஆட்டத்தில் எதற்காக மூன்று ஹிட் அடிக்க வேண்டும்? முதல் ஐந்து ஆட்டங்களிலும் அவர் சராசரி 0.316. ஓட்டம் சேர்ப்பது முன்னால் ஆடுபவர்கள் தளத்தில் நிற்பதைப் பொறுத்தது.  பத்தொன்பது முறை மட்டை பிடித்ததை மட்டும் வைத்து ஒருவர் மனத்தில் என்ன இருந்தது என்று எந்தப் புள்ளியியலும் சொல்லாது. அதைச் சொல்லவே இதை எழுதினேன்.

மூன்றாம் தளம் எழுதியது:

ஃபீல்டிங்கில் பிழை இல்லை என்ற வாதத்தை ஜாக்சனின் ஆதரவாளர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு அவுட்ஃபீல்டர் பந்து கிளம்பியதும் அரை வினாடி தாமதித்து ஓடினால் அது பிழைப் பட்டியலில் ஏறாது. நிற்க வேண்டிய இடத்தைவிடப் பத்தடி முன்னால் நின்றால் அதுவும் ஏறாது.

நான்காவது ஆட்டத்தின் ஐந்தாவது இன்னிங்ஸை எடுத்துக்கொள்வோம். இரண்டு அணியும் ஓட்டம் எடுக்காத நிலை. பணம் வாங்கியவர்களில் ஒருவரான ஒயிட் சாக்ஸ் பிட்சர் எடி சிகாட், தன்னிடம் உருண்டு வந்த பந்தை எடுத்து முதல் தளத்துக்குத் தாறுமாறாக எறிந்து ரெட்ஸ் அணியின் பேட் டங்கனை இரண்டாம் தளம்வரை போகவிட்டார். அடுத்து லாரி காஃப் இடதுபுறம் அடித்த பந்தை ஜாக்சன் எடுத்து வீட்டுத் தளத்தை (ஓடுபவர் ஓட்டத்தை முடிக்கும் தளம்) நோக்கி எறிந்தார். அந்த எறிதலை நடுவில் கைநீட்டித் தடுத்துத் திசைதிருப்பியவரும் சிகாட்தான். டங்கன் ஓட்டத்தை முடித்தார். அடுத்து கிரீஸி நீல் அடித்த பந்து ஜாக்சனின் தலைக்கு மேலே போய் விழுந்து டபுளானது, இன்னோர் ஓட்டம். ஆட்டம் 2-0 என்று முடிந்தது. சிகாட்டின் இரண்டு பிழைகளும் பட்டியலில் இருக்கின்றன. தலைக்கு மேலே போன பந்து பட்டியலில் இல்லை.

நூற்கண்டு எழுதியது:

மூன்றாம் தளம் அவர்களே, நீங்கள் காட்டிய அதே இன்னிங்ஸில் ஜாக்சன் வீட்டுத் தளத்துக்கு எறிந்தார் என்பதும் இருக்கிறதே! அவரும் தோற்கடிக்க உடன்பட்டவர் என்றால் அந்தப் பந்தைச் சற்றே உயர்த்தியோ தாமதித்தோ எறிந்திருந்தால் போதும். சிகாட் கைநீட்டியிருக்கவே வேண்டாம். தலைக்கு மேலே போகும் பந்து எல்லா அவுட்ஃபீல்டருக்கும் வருவதுதான்.

நான் வேறொன்றைச் சொல்ல வந்தேன். எழுத்தறியாமையைப் பற்றி இங்கே யாரும் விரிவாகப் பேசவில்லை. அதை இரக்கம் தேடும் வாதமாக நான் வைக்கவில்லை. ஜாக்சனின் வாழ்க்கையில் ஒவ்வொரு முக்கியமான திருப்பத்திலும் ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எதிரில் நிற்பவர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

1920 பிப்ரவரியில் ஒயிட் சாக்ஸ் அணியின் செயலாளர் ஹாரி கிராபினர், சவானாவில் இருந்த ஜாக்சனிடம் மூன்றாண்டு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு எட்டாயிரம் டாலர். பத்து நாள் அறிவிப்பில் ஆட்டக்காரரை நீக்கலாம் என்ற பிரிவு அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். அது இதில் இல்லை என்று கிராபினர் வாய்மொழியாகச் சொன்னதாகவும், மனைவியிடம் காட்டிப் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்திட்டதாகவும் ஜாக்சன் பின்னர் சாட்சி சொன்னார். அந்தப் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் பெருநடுவர் குழுவின் முன்னால் போவதற்கு முன் அவருக்கு ஆலோசனை சொன்ன ஆல்ஃபிரட் ஆஸ்ட்ரியன், அணி உரிமையாளர் சார்லஸ் கமிஸ்கியின் வழக்கறிஞர். ஜாக்சனுக்கென்று தனி வழக்கறிஞர் இல்லை. தான் சொல்வது தனக்கு எதிராகவே பயன்படலாம் என்று ஒப்புக்கொள்ளும் காகிதத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தன் பெயரை மட்டும் மனைவி எழுதிக் காட்டியபடி வரைந்து பழகியிருந்த ஒருவருடைய கையெழுத்து அது. பணம் வாங்கியது தவறுதான். ஆனால் அதன் பிறகு அவரைச் சுற்றி நடந்த எல்லாவற்றிலும் நியாயம் இருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

புதிய வாசகர் எழுதியது:

நீதிமன்றத்தில் விடுதலையானார் என்று எங்கோ படித்தேன். விடுதலையானவரை ஏன் தடை செய்தார்கள்?

செங்காந்தள் எழுதியது:

1921 ஆகஸ்ட் 2 அன்று நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) எல்லோரையும் விடுதலை செய்தது உண்மை. அதற்குள் வாக்குமூலங்களின் மூலப் படிகள் அலுவலகத்திலிருந்து காணாமல் போயிருந்தன. ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டிய சதி வழக்கு அது. வேண்டுமென்றே தோற்பது மட்டும் அன்றைய இல்லினாய் சட்டத்தில் தனிக் குற்றமாக இல்லை. மறுநாளே பேஸ்பால் ஆணையர் கெனசா மவுன்டன் லாண்டிஸ், நடுவர் குழு என்ன சொன்னாலும் சரி, தோற்க ஒப்புக்கொண்டவரும், அப்படிப்பட்ட பேச்சு நடந்த இடத்தில் இருந்துவிட்டு அணிக்குத் தெரிவிக்காதவரும் இனி தொழில்முறை பேஸ்பால் ஆடக் கூடாது என்று அறிவித்துவிட்டார். எட்டுப் பேர்: சிகாட், வில்லியம்ஸ், கேண்டில், ரிஸ்பர்க், ஃபெல்ஷ், மெக்முல்லின், வீவர், ஜாக்சன்.

சூதாட்டத்தை வேரோடு அறுக்க லாண்டிஸுக்கு அந்தக் கடுமை தேவைப்பட்டது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த இடைப்பட்ட 1920 பருவத்தை யாரும் பார்ப்பதில்லை. சந்தேகம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த ஆண்டில் ஜாக்சன் 0.382 அடித்தார். 218 ஹிட், 42 டபுள், 20 டிரிபிள், 12 ஹோம் ரன், 121 ஓட்டம் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 33. எச்சில் பந்துக்குக் கட்டுப்பாடு வந்து, பந்து புத்துயிர் பெற்ற முதல் ஆண்டு அது. பேப் ரூத் 54 ஹோம் ரன் அடித்ததும் அந்த ஆண்டுதான். நூற்கண்டு விவரித்த அந்த முழு வீச்சு எந்த வகைப் பந்துக்காகப் பிறந்ததோ, அந்தப் பந்து வந்து சேர்ந்த ஆண்டின் இறுதி வாரத்தில் அவரை இடைநீக்கம் செய்தார்கள். கிளீவ்லாந்து அணியோடு முதலிடத்துக்கு நெருங்கிப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஒயிட் சாக்ஸ் அத்தோடு சரிந்தது. பட்டத்தையும் வேர்ல்ட் சீரிஸையும் ஜாக்சனின் பழைய அணியே தட்டிக்கொண்டு போயிற்று.

எண்ணாளன் எழுதியது:

அவருடைய மொத்தக் கணக்கையும் இங்கே பதிந்துவிடுகிறேன். 1,332 ஆட்டம், 1,772 ஹிட், 307 டபுள், 168 டிரிபிள், 54 ஹோம் ரன், சராசரி 0.356. கறுப்பின ஆட்டக்காரர்களின் நீக்ரோ லீக் கணக்குகளை 2024-இல் அதிகாரபூர்வமாகச் சேர்த்த பிறகு ஜாஷ் கிப்சன், டை காப், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி ஆகியோருக்கு அடுத்து ஐந்தாம் இடத்தில் ஜாக்சன் வருகிறார். அந்தச் சேர்க்கை வெகு காலத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. ஜாக்சன் ஆடிய காலத்து லீக் வெள்ளையருக்கு மட்டுமானது என்பதை அவருடைய எண்களைப் பேசும்போதும் மறக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அவர் 33 வயதில் நிறுத்தப்பட்டார். முதுமையில் எல்லோருக்கும் சராசரி இறங்கும். அந்த இறக்கம் அவருடைய கணக்கில் இல்லை. 0.356 என்பதை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய காப்பின் 0.367-ஓடு நேராக ஒப்பிடுவது காப்புக்குச் செய்யும் அநியாயம்.

மூன்றாம் தளம் எழுதியது:

எண்ணாளன் சொன்ன எச்சரிக்கையை வரவேற்கிறேன். நூற்கண்டு அவர்களுக்கு ஒரு பதில். எழுத்தறியாமையைக் காட்டி 1920 சாட்சியத்தை ஒதுக்கிவிட முடியாது. பேசுவதற்கு எழுத்து தேவையில்லை. 1924-இல் மில்வாக்கி நீதிமன்றத்தில் நிலுவைச் சம்பளம் கேட்டு ஜாக்சன் ஒயிட் சாக்ஸ்மீது வழக்குப் போட்டபோது, காணாமல் போன அந்த வாக்குமூலம் கமிஸ்கியின் வழக்கறிஞர்கள் கையில் தோன்றியது. எப்படி வந்தது என்பது வெட்கக்கேடான சங்கதிதான். ஆனால் அதிலிருந்து கேள்வி கேள்வியாகப் படித்துக் காட்டியபோது, அப்படிச் சொல்லவே இல்லை என்று ஜாக்சன் திரும்பத் திரும்ப மறுத்தார். நடுவர் குழு அவருக்குச் சாதகமாகப் பதினாறாயிரம் டாலருக்கு மேல் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி கிரெகரி அதை ரத்து செய்துவிட்டு, பொய்ச் சாட்சிக்காக ஜாக்சனைச் சிறைக்கு அனுப்பினார். முதலில் சத்தியம் செய்து சொன்னதை இரண்டாவது சத்தியத்தில் மறுத்தவர் அவர். இரண்டில் எதை நம்புவது?

நூற்கண்டு எழுதியது:

அதே வழக்கில் நடுவர் குழுவினர் ஒப்பந்தத்தைப் பற்றியும் கேட்டார்கள், சாட்சிகளையும் பார்த்தார்கள், ஜாக்சன் சதியில் சேரவில்லை என்றே நம்பினார்கள். தன் பெயரைச் சூதாடிகளிடம் சொல்ல ஜாக்சன் அனுமதி தரவில்லை என்பதற்கு லெஃப்டி வில்லியம்ஸின் வாக்குமூலமும் துணையாக இருந்தது. 1920-இல் வழக்கறிஞர் இல்லாமல் தனியாக நின்று சொன்னதைவிட இந்த விசாரணைக்கு நான் அதிக மதிப்புத் தருவேன்.

பிற்கால வாழ்க்கையையும் இரண்டு வரி சொல்கிறேன். சவானாவில் துணி சலவைக் கடை நடத்தினார். 1930-களில் கிரீன்வில் திரும்பி மதுக்கடை வைத்தார். தெற்கே சிறு ஊர் அணிகளில் நாற்பது வயதுக்கு மேலும் ஆடினார். பிராண்டன் மில் சிறுவர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நீதிமன்ற வாசலில் ஒரு சிறுவன் ‘அப்படி இல்லை என்று சொல்லுங்கள் ஜோ’ என்று கெஞ்சியதாகச் சொல்லும் கதையை 1949-இல் அவரே மறுத்தார். பத்திரிகைக்காரர் கட்டியது என்றார். 1951 டிசம்பர் 5 அன்று மாரடைப்பால் இறந்தார். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோன்றுவதாக இருந்தது.

புதிய வாசகர் எழுதியது:

இப்போது நிலைமை என்ன? தடை இன்னும் இருக்கிறதா?

செங்காந்தள் எழுதியது:

2025 மே மாதம் ஆணையர் ராப் மான்ஃப்ரெட், நிரந்தரத் தடை என்பது ஆட்டக்காரரின் மரணத்தோடு முடிகிறது என்று தீர்ப்பளித்து, பீட் ரோஸ், ஜாக்சன் உள்ளிட்ட காலமானவர்களின் பெயர்களைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கினார். தடையில் இருப்பவரை, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ் மண்டபத் தேர்தலில் நிறுத்தக் கூடாது என்று 1991-இல் எழுதப்பட்ட விதி இனி ஜாக்சனுக்குப் பொருந்தாது. அந்த விதி இல்லாத 1936-இலும் 1946-இலும் அவருக்கு இரண்டிரண்டு வாக்குகள்தான் விழுந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்து ஆட்டக்காரர்களைப் பரிசீலிக்கும் பதினாறு பேர் குழு 2027 டிசம்பரில் கூடுகிறது. பன்னிரண்டு வாக்குகள் வேண்டும்.

நான் அந்தக் குழுவில் இருந்தால் ஆதரித்தே வாக்களிப்பேன். புகழ் மண்டபம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் வைக்கும் பலகையில் 0.408-ஐயும், பிளாக் பெட்ஸியையும், ரூத் கற்றுக்கொண்ட வீச்சையும் எழுதட்டும். 1919-இல் ஐயாயிரம் டாலர் பெற்றார், 1921-இல் தடை செய்யப்பட்டார் என்பதையும் அதே பலகையில் அதே அளவு எழுத்தில் எழுதட்டும்.

மூன்றாம் தளம் எழுதியது:

அப்படி எழுதுவதாக இருந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி பக் வீவருக்காக. அதே தொடரில் 0.324 அடித்தவர், ஒரு டாலர்கூட வாங்காதவர், தெரிந்தும் சொல்லவில்லை என்பதற்காக மட்டுமே தடை பெற்றவர், 1956-இல் இறக்கும்வரை பெயரைத் துடைக்க மனு மேல் மனு போட்டவர். புகழ் மண்டபத்துக்குப் போகும் அளவுக்கு ஆட்டக் கணக்கு அவருக்கு இல்லை. ஆகவே எந்தக் குழுவும் அவரைப் பற்றிக் கூடிப் பேசப் போவதில்லை. வீவரின் வழக்கை முறையாக மறுபடி விசாரித்து, அவர் குற்றமற்றவர் என்று ஆணையர் எழுத்தில் அறிவித்த பிறகு ஜாக்சனுக்கான வாக்கெடுப்பை நடத்தட்டும். நான் ஆட்சேபிக்க மாட்டேன்.